தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: முழுமையாகப் பார்த்து வருவதற்கான வழிகாட்டி

மயிலாடுதுறை மாவட்டத்தின் கடற்கரையில் நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டையை ஊர்மக்கள் டேனிஷ் கோட்டை என்றே சொல்வார்கள். செஞ்சியையோ வேலூரையோ பார்த்த கண்ணோடு இங்கே வருபவர்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். மதில்மேல் ஏறிப் பீரங்கியருகே நின்று நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டால் பார்த்து முடித்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் இது மன்னன் இருந்து ஆண்ட கோட்டை அன்று. ஒரு வணிகக் கம்பெனி தன் சரக்கையும் கணக்கையும் ஆட்களையும் காத்துக்கொள்ளக் கட்டிய இடம். கிடங்கைச் சுற்றி மதில் எழுந்தது, மதிலுக்கு வெளியே ஒரு நகரம் வளர்ந்தது என்னும் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், வெறும் அறைகளாகத் தெரிபவற்றுக்கும் பொருள் கிடைக்கும். கீழே சொல்லியிருக்கும் ஒழுங்கு அந்த எண்ணத்தில் அமைந்தது. இதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குவது நல்லது.

1. மாதமும் கிழமையும்

தை, மாசி மாதங்களே மிக ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காவிரிப் படுகை முழுவதையும் நனைத்தெடுக்கும் காலம். அந்நாட்களில் புயல் எச்சரிக்கையைப் பார்த்த பிறகே பயணத்தை முடிவு செய்ய வேண்டும். சித்திரை, வைகாசியில் வருவதானால் காலை பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் நடக்க முடியாது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும், ஏனெனில் கோட்டை முற்றத்திலும் மதில்மேலும் ஒதுங்குவதற்கு நிழலே இல்லை.

கிழமையைக் கவனிக்கத் தவறியே பலர் ஏமாறுகிறார்கள். தமிழக அரசின் அருங்காட்சியகங்களைப் போலவே இக்கோட்டைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. திருக்கடையூருக்கு வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வந்துவிட்டு, பக்கத்தில்தானே என்று இங்கே வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சுற்றுவட்டார மக்கள் கடற்கரையில் கூடிவிடுவதால், அமைதியாகப் பார்க்க விரும்புவோர் மற்ற வேலைநாட்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கோட்டையைக் காலை பத்து மணியளவில் திறந்து மாலையில் மூடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான். படம் எடுக்கத் தனிக் கட்டணம் கேட்கப்படலாம். ஆகவே கையில் சில்லறை இருக்கட்டும்.

2. சென்று சேரும் வழி

சென்னையிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக நாகப்பட்டினம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலேயே ஊர் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் செல்லும் பேருந்துகளில் ஏறித் தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கினால், கோட்டை கிழக்கே நடக்கும் தொலைவில்தான் உள்ளது. ரயிலில் வருவோருக்கு மயிலாடுதுறையே வசதியான சந்திப்பு. அங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்தில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம். தெற்கே காரைக்கால் 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

தரங்கம்பாடிக்கே ஒரு காலத்தில் ரயில் வந்தது. மயிலாடுதுறையிலிருந்து 1926இல் போடப்பட்ட மீட்டர்கேஜ் பாதை 1986இல் நிறுத்தப்பட்டது. அது ஓடியிருந்தால் இந்த ஊரின் சுற்றுலா வேறு மாதிரி இருந்திருக்கும் என்று வருந்துவோர் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

ஊருக்குள் உணவகங்கள் குறைவு. காலை உணவை மயிலாடுதுறையிலோ சீர்காழியிலோ முடித்துக்கொண்டு வருவது நல்லது. இல்லையென்றால் ஒட்டியே இருக்கும் பொறையாரில் சாப்பிடலாம். தங்க விரும்புவோருக்குக் கோட்டையருகிலேயே, ஆங்கிலேயர் காலத்து ஆட்சியர் மாளிகையாக இருந்த கடலோரக் கட்டடம் விடுதியாகியிருக்கிறது. அதன் வாடகை அதிகமாகத் தெரிந்தால் மயிலாடுதுறையிலும் காரைக்காலிலும் எளிய விடுதிகள் உண்டு.

3. உள்ளே போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

கோட்டைக்குள் விளக்கப் பலகைகள் உண்டு என்றாலும் அவை கதையைத் துண்டு துண்டாகவே சொல்லும். ஆகையால் அடிப்படையை முன்பே அறிந்திருப்பது உதவும்.

டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து இலங்கையை நோக்கிக் கப்பல்கள் புறப்பட்டன. முன்னால் அனுப்பப்பட்ட கப்பலைக் காரைக்கால் கடலருகே போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தார்கள். அதில் வந்த ரோலண்ட் கிராப்பே உயிர் தப்பிக் கரையேறித் தஞ்சை அரசவையைச் சென்று சேர்ந்தார். இலங்கையில் எண்ணிய காரியம் கைகூடாமல், கப்பல் கூட்டத்தின் தலைவர் ஓவ் கெட்டேயும் இக்கரைக்கே வந்து சேர்ந்தார். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருக்குப் போர்த்துக்கீசியரை மட்டும் நம்பியிராமல் இன்னொரு வணிகரும் வருவது ஏற்புடையதாக இருந்தது. 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டுக்கு 3,111 ரூபாய் திறை செலுத்துவதாக ஒப்புக்கொண்டு டேனியர் இந்தக் கடற்கரைச் சிற்றூரைப் பெற்றார்கள். இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆக, இந்தக் கோட்டை போரிட்டுப் பிடித்த மண்ணில் எழுந்ததன்று, திறை கட்டிப் பெற்ற மண்ணில் எழுந்தது. தஞ்சை நாயக்கரும், அவருக்குப் பின் வந்த மராத்திய மன்னரும் மனம் வைத்தால்தான் டேனியரால் இங்கே இருக்க முடிந்தது.

கம்பெனி அடிக்கடி நொடித்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. தாய்நாடு கைவிட்டுவிட்ட நிலையில், எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் சாதாரண மனிதர் 1655 முதல் தலைமையேற்று, உள்ளூர் ஆட்களைக் கொண்டே கோட்டையைக் காத்து, நகரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் மறுபடியும் ஒரு டேனிஷ் கப்பல் வந்தபோது அதிலிருந்தவர்கள் தங்கள் கொடி இன்னும் பறப்பதைக் கண்டார்கள். தரங்கம்பாடி வரலாற்றில் பலரும் இங்கே வந்து கிறித்தவ மதப்பணி செய்த சீகன்பால்கைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு என்னவோ, கோட்டை முற்றத்தில் நிற்கும்போது நினைத்துப் பார்க்கத் தக்கவர் இந்தக் கோங்ஸ்பாக்கேதான் என்று தோன்றுகிறது.

18ஆம் நூற்றாண்டில் ஊர் செழித்தது. ஐரோப்பாவில் மற்றவர்கள் சண்டையிட்டபோதெல்லாம் நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடியின்கீழ் வணிகம் பெருகியது. அதன் பின் சரிவு வந்தது. 1801இலும், மறுபடி 1808 முதல் 1815 வரையிலும் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். இறுதியில் 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்து செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்ட ஆட்சியர் இங்கேயிருந்து பணியாற்றினார். பின்னர் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனதும் ஊர் ஒடுங்கிவிட்டது. விடுதலைக்குப் பின் கோட்டை அரசு அலுவலர்கள் தங்கும் பயணியர் மாளிகையாக இருந்து, 1970களின் இறுதியில் மாநிலத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது.

4. நடையை நகர வாயிலில் தொடங்குதல்

வண்டியை நேராகக் கோட்டை வாசலுக்கு ஓட்டிச் செல்லாமல், ஊரின் மேற்கு எல்லையிலுள்ள வாயிலில் இறங்கி நடந்தால் பயணத்தின் பயன் இரட்டிப்பாகும். கோட்டையைத் திறப்பதற்கு முன் கிடைக்கும் காலை நேரத்துக்கு இந்த நடை சரியாகப் பொருந்தும். எட்டு மணிக்குத் தொடங்கலாம்.

வெள்ளைச் சாந்து பூசிய இந்த வாயில் 1792இல் கட்டப்பட்டது. மேலே டென்மார்க் அரச முத்திரையும் ஆண்டும் தெரியும். இருபுறமும் ஓடிய நகர மதிலில் இன்று பெரும்பகுதி இல்லை. எனவே வாயிலைக் கடக்கும்போது, ஒரு காலத்தில் இதற்கு வெளியே தஞ்சை அரசின் நிலம், உள்ளே டேனியரின் நகரம் என்பதை நாமாகவே நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் கடலை நோக்கி நேர்கோடாக ஓடும் தெருவுக்கு ராஜ வீதி என்று பெயர். நம் பழைய ஊர்களில் கோயிலைச் சுற்றி வீதிகள் அமைவது வழக்கம். இங்கே வீதிகள் எல்லாம் கோட்டையையும் கடலையும் நோக்கி வகுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம்.

இத்தெருவிலுள்ள இரண்டு ஆலயங்களையும் பார்க்க வேண்டும். 1701இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம் டேனிஷ் குடியிருப்பாளர்களுக்காக எழுந்தது. 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் நான்காம் ஃபிரடெரிக் மன்னரின் எழுத்து முத்திரை இருக்கிறது. அங்கேதான் அதைக் கட்டுவித்த பர்த்தலோமேயு சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவரும் ஹென்ரிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்திறங்கினார்கள். சில ஆண்டுகளில் அச்சகம் அமைத்து, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715இல் முடித்தார் சீகன்பால்க். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாய் இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். தமிழின் முதல் அச்சுநூல் தரங்கம்பாடியில்தான் வெளிவந்தது என்று சிலர் சொல்லக் கேட்கலாம், அது சரியன்று. 1578இலேயே கொல்லத்தில் தமிழ்நூல் அச்சாகிவிட்டது. ஆனால் தொடர்ந்து இயங்கிய அச்சகமும், அதற்கென்று காகிதம் செய்யும் பட்டறையும் ஒரே வட்டாரத்தில் அமைந்த பெருமை இவ்வூருக்கு உண்டு. பொறையாரை ஒட்டிக் கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. சீகன்பால்க் வாழ்ந்த இல்லம் நினைவு அருங்காட்சியகமாக்கப்பட்டிருக்கிறது. அச்சுக்கலையில் நாட்டமுள்ளவர்கள் அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

வழிபாடு நடக்கும் நேரத்தில் ஆலயங்களுக்குள் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். மற்ற நேரங்களில் பூட்டியிருந்தால் அருகிலிருப்போரிடம் பணிவாகக் கேட்டால் உதவுவார்கள்.

தெருவின் கடைசியில் கோட்டைக்கு எதிரே ஒரு திறந்த மைதானம் வருகிறது. படைகள் அணிவகுத்த இடம் இது. மைதானத்தைப் பார்த்து நிற்கும் பருத்த தூண்களைக் கொண்ட மாளிகை டேனிஷ் ஆளுநரின் வீடு. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் முயற்சியோடு இது புதுப்பிக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளுநர் கோட்டையிலிருந்து வெளியே வந்து இந்த வீட்டில் குடியேறியதே, அந்தக் காலத்தில் பாதுகாப்பைவிட வசதி பெரிதாகிவிட்டதைக் காட்டுகிறது.

5. கோட்டைக்குள்

முன்பு கோட்டையைச் சுற்றி அகழி இருந்தது. தூக்குப் பாலம் வழியாகத்தான் உள்ளே போக முடியும். அகழி இன்று முற்றிலும் தூர்ந்துவிட்டது. வெளிச்சுற்று மதிலும் போய்விட்டது. ஆகவே நாம் பார்ப்பது உள்கோட்டை மட்டுமே என்பதை நினைவில் வைத்தால், இவ்வளவு சிறியதா என்னும் ஏமாற்றம் வராது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் கொண்ட ஏறத்தாழச் சதுரமான அமைப்பு. நடுவில் மண் முற்றம். கிழக்கே, கடலை ஒட்டி, அறுபது மீட்டர் அளவுக்கு நீண்டு நிற்கும் இரண்டடுக்குப் பிரதான கட்டடம்.

நுழைந்ததும் எல்லோரும் மதில்மேல் ஏறிவிடுவார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் முற்றத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் மெல்லத் திரும்பிப் பார்க்க வேண்டும். வடக்கு, தெற்கு, மேற்கு மதில்களின் உட்புறத்தை ஒட்டி ஒற்றையடுக்கு அறைகள் வரிசையாக இருந்தன: வீரர் தங்குமிடம், சமையற்கட்டு, சரக்கறை, சிறை. அவற்றில் மேற்கிலும் தெற்கிலும் இருப்பவையே ஓரளவு நல்ல நிலையில் எஞ்சியிருக்கின்றன. கோட்டையின் அன்றாட உழைப்பு நடந்தது இந்தத் தாழ்ந்த அறைகளில்தான். அறைக்குள் போனதும் ஒரு நிமிடம் கண் பழகும் வரை காத்திருந்தால், கூரை தட்டையாக இல்லாமல் வளைந்து இறங்குவதும், சாந்து உதிர்ந்த இடங்களில் மெல்லிய செங்கற்கள் சுண்ணாம்புக் கலவையில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதும் தெரியும். அந்தச் செங்கல் விளிம்புகளை உப்புக் காற்று தின்று, இடையிலுள்ள சுண்ணாம்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் இடங்களும் உண்டு. சுவரைத் தொட்டால் பொடி உதிரும். தொடாமல் பார்ப்பதே முறை. சுவரில் பெயர் கீறுவது பண்பின்மை மட்டுமன்று, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

சீகன்பால்க் இந்தக் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். வந்திறங்கிய நாள் முதல் அவருக்கும் கோட்டைத் தலைவர் ஹாசியுசுக்கும் இழுபறி. 1708இன் இறுதியில் ஹாசியுஸ் அவரைப் பிடித்து அடைத்துவிட்டார். டென்மார்க் மன்னரே அனுப்பி வைத்த ஒருவரை, அதே மன்னரின் கொடி பறந்த கோட்டையில் கம்பெனி அதிகாரி சிறை வைத்தார் என்பதிலிருந்து, இங்கே யாருடைய சொல் செல்லுபடியானது என்று ஊகிக்கலாம். வணிகத்துக்கு இடைஞ்சல் என்று கருதினால் அரச ஆணையையும் தள்ளிவைக்கும் துணிவு கம்பெனிக்கு இருந்தது.

அடுத்து பிரதான கட்டடத்தின் கீழ்த்தளம். கோட்டையின் உயிர் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். கனத்த வளைவுக் கூரைகளின் கீழ் அமைந்த இந்த அறைகள் வெடிமருந்தும் வணிகச் சரக்கும் வைக்கும் கிடங்குகளாக இருந்தவை. தொடக்கத்தில் டேனியர் தேடி வந்தது மிளகை. பின்னர் சோழமண்டலக் கரையின் துணிகளும் சேர்ந்துகொண்டன. சுவர்களின் கனத்தை வாயில் நிலையருகே நின்று பார்த்தால் விளங்கும். மேலே வாழ்ந்தவர்களின் எடையைத் தாங்க மட்டுமென்றால் இவ்வளவு தடிமன் தேவையில்லை. கடலிலிருந்து வரும் குண்டையும், ஈரத்தையும், தீயையும் ஒருசேர மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சாளரங்கள் சிறியவை, உயரத்தில் இருப்பவை. வெளியே வெயில் கொளுத்தும் நேரத்திலும் உள்ளே குளிர்ச்சி நிலவுவதை உடம்பே உணரும். சில அறைகள் பூட்டப்பட்டிருக்கலாம். பணியிலிருக்கும் ஊழியரிடம் கேட்டால், முடிந்தால் திறந்து காட்டுவார்.

மேல்தளத்தில் ஆளுநர், மூத்த வணிகர்கள், குருமார் ஆகியோரின் இருப்பிடங்கள் இருந்தன. டேனியரின் வழிபாட்டுக் கூடமும் தொடக்கத்தில் இங்கேயே இருந்தது. சரக்குக்கு மேலே படுக்கையும், படுக்கைக்குப் பக்கத்தில் பிரசங்க மேடையும் இருந்த அந்த நெருக்கமே 17ஆம் நூற்றாண்டுக் கம்பெனி வாழ்க்கை. நடுக்கூடத்தில் ஒற்றைத் தூணின்மேல் நான்கு குவிந்த கூரைகள் வந்து சாய்ந்திருப்பதைத் தலையை நிமிர்த்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். அவற்றின் வெளி வடிவத்தை ஒட்டகத்தின் திமிலோடு ஒப்பிடுவது வழக்கம். நம் நாட்டுக் கொத்தர்கள், ஐரோப்பியர் சொன்ன வடிவத்தை, தாங்கள் அறிந்த செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு முடித்துக் கொடுத்த வேலை இது.

அருங்காட்சியகம் பிரதான கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. டேனிஷ் கையெழுத்துப் பிரதிகள், பீங்கான் கலங்கள், கண்ணாடிப் பொருள்கள், சீனத் தேயிலைச் சாடிகள், மாக்கல் விளக்குகள், சுடுமண் உருவங்கள், சுதைச் சிற்பங்கள், வாள், குத்துவாள், ஈட்டி, சிறு பீரங்கிக் குண்டுகள் என்று பலவும் கலந்து வைக்கப்பட்டிருக்கின்றன. திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுப் பகுதி ஒன்றும் உண்டு; சிறுவர்கள் அங்கிருந்து நகர மறுப்பார்கள். காட்சிப்படுத்திய முறையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல முடியாது. எந்தப் பொருள் எங்கிருந்து, எக்காலத்தில் வந்தது என்ற குறிப்பு பல இடங்களில் போதாது. நேரம் குறைவாக இருந்தால் பீங்கானையும் தேயிலைச் சாடிகளையும் ஆவணங்களையும் பார்த்தால் போதும். தரங்கம்பாடி, தஞ்சைக்கும் டென்மார்க்குக்கும் இடையே மட்டும் சரக்கு மாற்றிய ஊரன்று, கிழக்கே தொலைதூரத் துறைமுகங்களோடும் தொடர்புடையது என்பதை அவை காட்டும்.

இப்போது மதில்மேல் ஏறலாம். கீழே எல்லாவற்றையும் பார்த்த பிறகு மேலே நின்றால், பீரங்கிகள் எதைக் காத்தன என்று தெளிவாகப் புரியும். இங்கே இயற்கையான துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரமிட, அலை உடையும் இடத்தைக் கடந்து படகுகளே ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தன. ஆகவே நீரில் மிதக்கும் கப்பலையும், மணலில் இறக்கிய சரக்கையும், உள்ளே சேர்த்த செல்வத்தையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க வேண்டியிருந்தது. மதிலின் உயரமும் கடலோர இருப்பும் அதற்காகத்தான். மதிலின் விளிம்பில் தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. பிள்ளைகளின் கையை விடக் கூடாது. பீரங்கியின்மேல் அவர்களை ஏற்றி அமர்த்திப் படம் எடுப்பதையும் விட்டுவிடலாம்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கட்டடத்தின் முற்றப் பக்கம் மேற்கு நோக்கியிருப்பதால் மாலை வெயிலில்தான் அது விளங்கும், கடல் பக்க முகப்புக்குக் காலை வெயில் வேண்டும். காலைப் படத்துக்குக் கோட்டை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கடற்கரையிலிருந்தே எடுக்கலாம். முக்காலி, ட்ரோன் போன்றவற்றுக்குத் தொல்லியல் துறையின் முன் அனுமதி பெறாமல் வந்து வாசலில் வாதிடுவதில் பயனில்லை.

6. கடலோரம்

கோட்டையை விட்டு வெளியே வந்ததும் வடக்கே கடலோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில் வரும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இக்கோயில் கோட்டையைவிட முந்நூறு ஆண்டுகள் மூத்தது. இதன் கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது; எஞ்சியதை அண்மைக் காலத்தில் புதுப்பித்து வழிபாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். டேனியர் கோட்டை கட்டியபோது இங்கே கரை இன்னும் கிழக்கே இருந்தது என்பதை இந்தக் கோயிலின் நிலையே சொல்கிறது. கரையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்கள் அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்த ஊரின் மீனவர் குடியிருப்புகளைப் பெரிதும் அழித்தது. கோட்டையின் பிரதான கட்டடம் நின்றுவிட்டது. இறந்தோரின் குடும்பங்கள் இன்றும் இங்கேயே வாழ்கின்றன. அதைப் பற்றி வேடிக்கைக் கேள்விகள் கேட்டுக்கொண்டு குப்பத்துக்குள் போவது தகாது.

அந்தக் கருங்கற்கள் பாசி பிடித்து வழுக்கும். அவற்றின்மேல் நின்று படமெடுக்க முயன்று அடிபடுவோர் உண்டு. இக்கரையில் குளிப்பதையும் தவிர்க்க வேண்டும். அலையின் இழுப்பு மேலிருந்து பார்க்கும்போது தெரியாது.

ஓசோன் நிறைந்த கடற்காற்று என்று இவ்வூரைப் பற்றி விளம்பரம் செய்வதுண்டு. கடற்கரையின் தூய காற்று மனத்துக்கு இதம்தான். ஆனால் தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் அது நுரையீரலுக்குக் கேடு. அப்படியொன்றைத் தேடி இழுத்து மூச்சுவிட வேண்டிய அவசியமில்லை.

கரையில் சில வேளை பழைய காசு என்று எதையாவது காட்டி விலை பேசுவார்கள். டேனியர் இங்கே ஈயத்திலும் செம்பிலும் காசு அச்சிட்டது உண்மை. ஆயினும் காட்டப்படுவது உண்மையானதா என்று நமக்குத் தெரிய வழியில்லை. உண்மையானதாகவே இருந்தாலும், பழம்பொருள்களை உரிமமின்றி விற்பதையும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மணலில் கிடைக்கும் பீங்கான் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றினால், பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

7. முதியோருடனும் சிறுவருடனும் வருவோர்

கோட்டைக்குள் சரிவும் படியும் உண்டு. சக்கர நாற்காலியில் முற்றம் வரை கொண்டுசெல்லலாம் என்றாலும், அதற்கு மேல் கடினம். முழங்கால் வலியுள்ளவர்கள் முற்றத்து அறைகளையும் கீழ்த்தளத்தையும் பார்த்துவிட்டு, மதிலேறும் நேரத்தில் எதிரே மைதானத்து ஓரத்தில் அமரலாம். கழிப்பறை வசதியைப் பெரிதாக எதிர்பார்க்காமல் வருவது உத்தமம். தலைக்குத் தொப்பியோ குடையோ, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், வழுக்காத செருப்பு ஆகியவை இருந்தால் போதும்.

8. மீதமுள்ள நேரத்துக்கு

காலை எட்டு மணிக்கு நகர வாயிலில் தொடங்கியவர்கள், பத்து மணிக்குக் கோட்டைக்குள் நுழைந்து, நண்பகலில் வெளியேறி, பொறையாரில் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதன் பிறகு ஆளுநர் மாளிகைப் பக்கமும் டேனிஷ் கல்லறைத் தோட்டமும் மிஞ்சியிருக்கும். கல்லறைக் கற்களில் இருபது வயதுகளிலேயே இறந்தவர்களின் பெயர்கள் கண்ணில் படும். நம் வெப்பமும் நோயும் அவர்களை எப்படி வாரிக்கொண்டன என்பது அங்கே தெரியும்.

மாலையில் வேறிடம் போக விரும்பினால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயில் நான்கு மணிக்கு மேல் திறந்திருக்கும். வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பூம்புகார். இரண்டையும் ஒரே மாலையில் அடக்க முயன்றால் எதையும் பார்த்ததாக இராது. ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பேருந்தில் திரும்புவோர், இருட்டிய பிறகு ஊருக்குள்ளிருந்து நெடுஞ்சாலை வரை ஆட்டோ எளிதில் கிடைக்காது என்பதை நினைவில் கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்தத்துக்கு வந்து சேர வேண்டும்; மயிலாடுதுறை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் ஒன்றரை மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு புறப்படட்டும்.